ஒன்றுக்கு ஐம்பது: அட்டை ரயில் பெட்டியில் விகிதம் கற்போம்

"ஸ்கேல் எடுங்க" என்று வகுப்பில் சொன்னால் எல்லாக் குழந்தைகளும் அளவுகோலை எடுப்பார்கள். "இந்த வரைபடத்தின் ஸ்கேல் என்ன?" என்று கேட்டால் பாதிப் பேர் மறுபடியும் அளவுகோலைத்தான் தேடுவார்கள். கணிதத்தில் விகிதம், சமூக அறிவியலில் வரைபட அளவை, அறிவியலில் உருப்பெருக்கம் என்று ஒரே கருத்தை மூன்று பாடங்களில் மூன்று பெயர்களில் நாம் நடத்துகிறோம். மூன்றும் ஒன்றுதான் என்பது பல மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்பில் வடிவொத்த முக்கோணங்களுக்கு வரும்வரை புலப்படுவதில்லை. அதற்குள் சிலர் கணக்கையே கைவிட்டுவிடுகிறார்கள்.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் விழுப்புரம் - திருச்சி ரயில் பாதை போகிறது. வகுப்பு நடக்கும்போது வண்டி கடந்தால் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பும். அந்தக் கவனத்தைப் பாடத்துக்குள் கொண்டுவந்தால் என்ன என்ற எண்ணத்தில்தான் நான்கு ஆண்டுகளாக எட்டாம் வகுப்பில் அட்டையால் ரயில் பெட்டி செய்கிறோம். உண்மையான பெட்டியின் அளவுகளை எடுத்து, சரியாகச் சுருக்கி, வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசுகிறோம். இதில் எதை எப்படிச் செய்வது, எந்தக் கட்டத்தில் எந்தக் கணக்கு வெளிப்படுகிறது என்பதைச் சக ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கடையில் வாங்கும் செயல்திட்டம்

முதலில் ஒரு கசப்பான செய்தி. மாதிரி செய்துவரச் சொன்னால் என்ன நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தெர்மாகோலில் செய்த எரிமலையும் காற்றாலையும் எழுதுபொருள் கடையில் தயாராக விற்கின்றன. கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் ஒருநாள் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வாங்குகிறார்கள். வாங்க முடியாத பிள்ளை அன்றைக்கு விடுப்பு எடுக்கும் அல்லது கடைசி வரிசையில் குனிந்து நிற்கும். மாதிரி அலமாரியின் மேலே போய்த் தூசி படியும். வாங்கிய பிள்ளையும் எதுவும் கற்கவில்லை, வாங்காத பிள்ளையும் கற்கவில்லை.

அதனால் எங்கள் வகுப்பில் மூன்று விதிகள் வைத்திருக்கிறோம். ஒன்று, வேலை முழுவதும் பள்ளி நேரத்தில், பள்ளியிலேயே நடக்கும். இரண்டு, மளிகைக் கடை அட்டைப்பெட்டி, பழைய நோட்டு அட்டை, இனிப்புப் பெட்டியின் ஒளிபுகும் மூடி போன்றவைதான் பொருள்கள். பசையும் வண்ணமும் மட்டும் வாங்குவோம். ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நூறு ரூபாய்க்குள் முடிகிறது. மூன்று, மதிப்பெண் பெட்டியின் அழகுக்கு இல்லை; அளவுக் குறிப்பேட்டுக்குத்தான். இந்த மூன்றாவது விதிதான் மற்ற இரண்டையும் காப்பாற்றுகிறது.

87 என்ற எண் எங்கிருந்து வந்தது?

ரயில் மாதிரி செய்வது உலகம் முழுவதும் பெரியவர்களும் ஈடுபடும் ஒரு பொழுதுபோக்கு. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயிலைக் காட்சிக்கு வைத்தது. தண்டவாளங்களையும் பெட்டிகளையும் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்பது அதன் சிறப்பு. அப்படிச் சேர்க்க வேண்டுமானால் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் அல்லவா? அங்கிருந்துதான் மாதிரி ரயில்களுக்கான அளவுத் தரங்கள் வளர்ந்தன.

இன்று மிகப் பரவலாக இருப்பது ஹெச்.ஓ. எனப்படும் 1:87 அளவை. பலர் இதை ஏதோ விசித்திர எண் என்று நினைக்கிறார்கள். ஓ என்றொரு பெரிய அளவை முன்பே இருந்தது. பிரிட்டனில் அதில் ஓர் அடிக்கு 7 மி.மீ. அதில் பாதி, அதாவது ஓர் அடிக்கு 3.5 மி.மீ. என்பதே ஹெச்.ஓ. ஓர் அடி 304.8 மி.மீ. அதை 3.5-ஆல் வகுத்தால் 87.09. இதை மாணவர்களையே வகுக்கச் சொல்லுங்கள். விசித்திர எண்ணுக்குப் பின்னால் ஒரு வகுத்தல் கணக்கு இருப்பது தெரிந்ததும் முகங்கள் மாறும்.

அடுத்த கணக்கு இன்னும் சுவையானது. ஹெச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 1,435.5 மி.மீ. உலகின் பல நாடுகளில் உள்ள நிலையான பாதையின் அகலம் 1,435 மி.மீ. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பொருந்துகிறது. நம் ஊர் அகலப்பாதையோ 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். ஆகவே வெளிநாட்டில் வாங்கிய 16.5 மி.மீ. தண்டவாளத்தில் நம் பெட்டியின் மாதிரியை வைத்தால், பெட்டி சரியாகவும் பாதை குறுகலாகவும் இருக்கும். சென்னை மெட்ரோ ரயில் ஓடுவது 1,435 மி.மீ. பாதையில். மெட்ரோவின் மாதிரி மட்டும் அந்தத் தண்டவாளத்தில் சரியாக அமரும். "ஏன் மெட்ரோவுக்குச் சரியாக இருக்கிறது, நம் ஊர் வண்டிக்குச் சரியாக இல்லை?" என்ற ஒரே கேள்வியை வைத்து ஒரு பாடவேளை முழுவதும் நடத்தலாம்.

நாங்கள் எடுத்துக்கொள்ளும் பெட்டி

சென்னை பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியுடன் உருவான அந்த வடிவமைப்பில்தான் நாட்டின் பயணிகள் பெட்டிகளில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் கட்டப்பட்டன. அந்தத் தொழிற்சாலை 2018-இல் பழைய வடிவமைப்பை நிறுத்திவிட்டு, ஜெர்மானிய வடிவமைப்பான எல்.ஹெச்.பி. பெட்டிகளுக்கு முழுமையாக மாறியது. வந்தே பாரத் ரயிலின் முதல் தொடரும் அங்கேதான் உருவானது. ஜன்னல் வழியாகத் தாங்கள் பார்க்கும் பெட்டி நம் மாநிலத்தில் செய்தது என்பது எங்கள் மாணவர்களில் பலருக்குப் புதிய செய்தி. சென்னைப் பக்கம் சுற்றுலா போகும் பள்ளிகள் தொழிற்சாலையை ஒட்டியுள்ள ரயில் அருங்காட்சியகத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரம்பூர் வடிவமைப்புப் பெட்டியின் அளவுகள் மில்லிமீட்டரில் வெளியிடப்பட்டவை. நாங்கள் 1:50 என்ற அளவையில் செய்கிறோம். அதாவது உண்மையில் 1 மீட்டர் என்பது மாதிரியில் 2 செ.மீ.

உடல் நீளம்: 21,337 மி.மீ. - மாதிரியில் 427 மி.மீ.
உடல் அகலம்: 3,245 மி.மீ. - மாதிரியில் 65 மி.மீ.
இரு போகிகளின் மையங்களுக்கு இடையே: 14,783 மி.மீ. - மாதிரியில் 296 மி.மீ.
ஒரு போகியில் இரு அச்சுகளுக்கு இடையே: 2,896 மி.மீ. - மாதிரியில் 58 மி.மீ.
சக்கரத்தின் விட்டம்: 915 மி.மீ. - மாதிரியில் 18 மி.மீ.
தண்டவாள அகலம்: 1,676 மி.மீ. - மாதிரியில் 33.5 மி.மீ.
தண்டவாளத்திலிருந்து கூரை உச்சி வரை: ஏறத்தாழ 4 மீட்டர் - மாதிரியில் 80 மி.மீ.

வலப்பக்க எண்களை நான் கொடுப்பதில்லை. அவற்றை மாணவர்கள்தான் கணக்கிட வேண்டும். இங்கே இரண்டு தவறான புரிதல்கள் வெளியே வரும். இரண்டையும் வரவேற்க வேண்டும்.

முதலாவது, கழித்துச் சுருக்குவது. "21 மீட்டரை 10 ஆக்க 11-ஐக் கழிக்கலாம்" என்று நினைக்கும் மாணவர் எந்த வகுப்பிலும் உண்டு. மறுத்துச் சொல்ல வேண்டாம். "சரி, அகலம் 3 மீட்டர். அதிலும் 11-ஐக் கழி" என்று கேளுங்கள். கழிக்க முடியாது. அந்த இடத்தில் அவர்களே வகுத்தலுக்கு வந்துவிடுவார்கள். விகிதம் என்பது கூட்டல் கழித்தல் உறவில்லை, பெருக்கல் உறவு என்பதை இதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் எனக்குச் சொல்லத் தெரியாது.

இரண்டாவது, 1:100 என்பது 1:50-ஐவிடப் பெரிது என்று நினைப்பது. நூறு பெரிய எண் என்பதால் வரும் குழப்பம் இது. 1/100, 1/50 என்ற பின்னங்களாக எழுதிக் காட்டலாம். அதைவிட, இரண்டு அளவையிலும் பெட்டியின் நீளத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரையச் சொல்லுங்கள். ஒன்று 21 செ.மீ., மற்றொன்று 43 செ.மீ. ஐயம் தீர்ந்துவிடும்.

அளவை எதுவாக இருக்க வேண்டும் என்பதைக் காகிதமும் தீர்மானிக்கிறது. ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. அதில் 1:50 பெட்டி அடங்காது, 1:100 பெட்டி அடங்கும். நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் 1:100 போதும். "ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்" என்று சொன்னாலே குழந்தைகள் பிடித்துக்கொள்வார்கள், தசமம் வேண்டியதில்லை.

புகைப்படத்திலிருந்து ஜன்னல்

ஜன்னல், கதவு ஆகியவற்றின் அளவுகளுக்கு எந்தக் காரணத்துக்காகவும் மாணவர்களைத் தண்டவாளத்தின் அருகே அனுப்பக் கூடாது. இதைப் பெற்றோரிடமும் சொல்லிவிடுவது நல்லது. நடைமேடையிலிருந்து பெரியவர் ஒருவர் பெட்டிக்கு நேர் எதிரே நின்று எடுத்த ஒரு புகைப்படம் போதும். சாய்வாக எடுத்த படத்தில் தூரத்து ஜன்னல்கள் சிறுத்துவிடும். ஒரே அளவுள்ள ஜன்னல்கள் படத்தில் ஏன் வேறுவேறாகத் தெரிகின்றன என்று ஒரு முறை பேசிவிடலாம்.

படத்தை அச்சிட்டால் பெட்டியின் நீளம் 160 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜன்னலின் அகலம் 4.5 மி.மீ. மாதிரியில் பெட்டி 427 மி.மீ. ஆகவே 427-ஐ 160-ஆல் வகுத்தால் வரும் 2.67-ஆல் பெருக்கினால், ஜன்னல் 12 மி.மீ. இன்னொரு குழு உண்மை அளவு வழியாகப் போகட்டும்: 21,337-ஐ 160-ஆல் வகுத்து, 4.5-ஆல் பெருக்கினால் உண்மை ஜன்னல் 600 மி.மீ. அதை 50-ஆல் வகுத்தால் மீண்டும் 12. இரண்டு வழிகளும் ஒரே விடையில் முடிவதைப் பார்த்த ஒரு மாணவன், "அப்போ நடுவுல நிஜப் பெட்டியே வேணாமா டீச்சர்?" என்று கேட்டான். மாதம் முழுவதும் வீட்டுப்பாட நோட்டு கொண்டுவராத பையன் அவன். விகிதசமத்தின் சாரம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

காகித மனிதர்

வெட்டத் தொடங்கும் முன்பு ஒவ்வொரு குழுவும் ஒரு மனிதரைச் செய்ய வேண்டும். 165 செ.மீ. உயரமுள்ளவர் 1:50-இல் 33 மி.மீ. உயரம் இருப்பார். தடித்த தாளில் வரைந்து வெட்டி, பெட்டி வேலை முடியும்வரை மேசை மீது நிறுத்திவைக்க வேண்டும்.

இது ஒரு சோதனைக் கருவி. சென்ற ஆண்டு ஒரு குழு கதவை 25 மி.மீ. உயரத்தில் வரைந்திருந்தது. குறிப்பேட்டில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அட்டைக்கு மாற்றும்போது அளவு மாறிவிட்டது. ஒரு மாணவி காகித மனிதரைக் கதவருகே நிறுத்திப் பார்த்துவிட்டு, "இந்த ஆளு குனிஞ்சுதான்டீ ஏறணும்" என்றாள். குழுவே சிரித்தது. பிறகு 25-ஐ 50-ஆல் பெருக்கி, 1,250 மி.மீ. கதவு எந்த ரயிலிலும் இருக்காது என்று அவர்களே அழித்து வரைந்தார்கள். விடை பொருத்தமானதா என்று சரிபார்க்கச் சொல்லி நாம் எத்தனை முறை எழுதினாலும் செய்யாத பிள்ளைகள் இதைத் தாமாகச் செய்கிறார்கள்.

சக்கரத்துக்கும் இதே பாடம்தான். எல்லோரும் முதலில் கொண்டுவருவது தண்ணீர்ப் புட்டியின் மூடி. அளந்தால் 30 மி.மீ. இருக்கும். 50-ஆல் பெருக்கினால் ஒன்றரை மீட்டர். நம் மாணவர்கள் சிலரின் உயரம். 18 மி.மீ. விட்டமுள்ள கோட்டுப் பொத்தான் சரியாக இருக்கும். சிறியதிலிருந்து பெரியதற்குப் போகும் இந்தத் தலைகீழ்க் கணக்கை நம் பாடநூல் பயிற்சிகளோடு சேர்த்துச் செய்தால் நேர்விகிதம் கையில் ஒட்டிக்கொள்ளும்.

வெட்டுதலும் ஒட்டுதலும்

சுவருக்கு 1 மி.மீ. தடிமனுள்ள அட்டை நல்லது. 1:50-இல் அது 5 செ.மீ. தடிமனுள்ள சுவருக்குச் சமம் என்பதையும் கணக்கிடச் சொல்லலாம்.

கட்டர் கத்தி ஆசிரியர் கையில் மட்டும் இருக்கட்டும். எட்டாம் வகுப்பில் நான் அருகில் நிற்கும்போது மட்டும் ஒருவர் வெட்டலாம். இரும்பு அளவுகோலை வைத்து, அழுத்தாமல் நான்கைந்து முறை மெல்ல இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் வெட்ட முயன்றால் அட்டை கிழியும், கை வழுக்கும். கத்தி பையன்களுக்கு, வண்ணம் பெண்பிள்ளைகளுக்கு என்று வேலை தானாகப் பிரிந்துவிடும். அளத்தல், வெட்டல், ஒட்டல், பூசுதல், குறிப்பெழுதல் என்ற ஐந்து பணிகளை நாள்தோறும் சுழற்சி முறையில் மாற்றினால் இது நடக்காது.

வேலையின் வரிசை இது. முதலில் தரைப்பலகையை வெட்ட வேண்டும். அதன்மேல் இரு முனைச் சுவர்களையும், 7 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்குத் தடுப்புகளையும் நிறுத்தி ஒட்ட வேண்டும். தடுப்புகள் இல்லாவிட்டால் நீளச் சுவர் உள்ளே வளையும். பக்கச் சுவர்களில் ஜன்னல்களைத் தட்டையாக இருக்கும்போதே வெட்டி, உட்புறம் இனிப்புப் பெட்டியின் ஒளிபுகும் மூடித் துண்டை ஒட்டிய பிறகு பொருத்த வேண்டும். பசையைக் குறைவாகத் தடவ வேண்டும். அதிகமானால் அதிலுள்ள நீர் அட்டையை நெளியச் செய்யும்.

கூரையில் இரண்டு பாடங்கள் காத்திருக்கின்றன. பெட்டியின் அகலம் 65 மி.மீ. என்பதால் எல்லோரும் கூரைக்கும் 65 மி.மீ. அகலத்தில் அட்டை வெட்டுவார்கள். வளைத்து வைத்தால் போதாது. முனைச் சுவரின் வளைவின்மேல் நூலை வைத்து அளந்தால்தான் வில்லின் நீளம் கிடைக்கும். நாணும் வில்லும் வேறு என்று வட்டப் பாடத்தில் சொல்வதை இங்கே தொட்டுப் பார்க்கிறார்கள். அடுத்தது அட்டையின் இழை. காகித நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். சதுரத் துண்டு ஒன்றை இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் எளிதாக வளையும். அந்தத் திசையைப் பார்த்து, இழை பெட்டியின் நீளவாக்கில் ஓடும்படி வெட்டினால் கூரை மடிப்பு விழாமல் உருளும்.

அரிசிச் சோதனை

ஜன்னல் வெட்டாத வெறும் பெட்டிகள் இரண்டை, ஒன்று 1:100, மற்றொன்று 1:50 அளவையில், கூரையில்லாமல் செய்து வைத்துக்கொள்ளுங்கள். "சிறியது நிறைய அரிசி போட்டால், அதேபோல் எத்தனை தடவை பெரியதில் போட வேண்டும்?" என்று கேளுங்கள். "இரண்டு" என்று வகுப்பே சொல்லும். சிலர் "நான்கு" என்பார்கள். கொட்டி எண்ணும்போது நான்கைத் தாண்டியதும் சத்தம் அடங்கிவிடும். எட்டில் நிற்கும் என்று கணக்கு சொல்கிறது. உண்மையில் எட்டுக்குச் சற்றுக் கூடுதலாகவே வரும். ஏன்? இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே தடிமனுள்ள அட்டையைத்தானே பயன்படுத்தினோம்? சிறிய பெட்டியில் சுவர் பிடித்துக்கொள்ளும் பங்கு அதிகம். இந்தச் சிறு வித்தியாசத்தை மறைக்காமல் விவாதித்தால் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு அளவியல் சூத்திரம் உயிர்பெறும்.

அதே கணக்கை எடைக்கும் கொண்டுபோகலாம். உண்மைப் பெட்டியின் எடை ஏறத்தாழ 40 டன். 50-இன் கனம் 1,25,000. 40,000 கிலோவை அதனால் வகுத்தால் 320 கிராம். எங்கள் அட்டைப் பெட்டி 100 கிராமை ஒட்டித்தான் இருக்கும். இவ்வளவு இலேசாக இருந்தால் தள்ளும்போது சக்கரம் தண்டவாளத்தைவிட்டுக் குதிக்கும். மாதிரி ரயில் செய்பவர்களும் இதே காரணத்துக்காகப் பெட்டிக்குள் எடைத் துண்டுகளை ஒட்டுகிறார்கள். எங்களுக்குத் தரைப்பலகையின் அடியில் நடுவில் ஒட்டிய கூழாங்கற்கள் போதுமானதாக இருக்கின்றன.

வண்ணம் பூசுதல்

பூசும் முன் அட்டையை மூட வேண்டும். ஃபெவிகாலில் அதே அளவு தண்ணீர் கலந்து மெல்லிய பூச்சாகக் கொடுத்துக் காயவிட்டால் அட்டை வண்ணத்தை உறிஞ்சாது. சுவரின் உட்புறமும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அந்தப் பக்கம் காயும்போது சுருங்கி அட்டையை இழுத்து வளைத்துவிடும். காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு.

வண்ணம் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வகையாக இருக்கட்டும். தெளிப்பான் புட்டிகளின் வாடை மூடிய வகுப்பறைக்கு ஏற்றதில்லை. கெட்டியான ஒரு பூச்சைவிட மெல்லிய மூன்று பூச்சுகள் நல்லது. காரணத்தையும் கணக்காகவே கேட்கலாம்: கால் மில்லிமீட்டர் தடித்துப் போன வண்ணம் உண்மைப் பெட்டியில் எவ்வளவு? 12.5 மி.மீ. விரல் தடிமனுக்கு வண்ணம் பூசிய ரயில் எங்கே இருக்கிறது?

இந்தப் பெட்டிகள் முன்பு செங்காவி கலந்த அரக்கு நிறத்தில் ஓடின. பிறகு கருநீல உடலும் ஜன்னல் வரிசையில் வெளிர்நீலப் பட்டையுமாக மாறின. நீலப் பெட்டி செய்யும் குழு வெளிர்நிறத்தை முதலில் பூச வேண்டும். வெளிர்நிறத்தின்மேல் கருநிறம் மூடும், கருநிறத்தின்மேல் வெளிர்நிறம் மூடாது. காய்ந்த பின் பட்டையின்மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, டேப்பின் ஓரத்தில் மறுபடியும் அதே வெளிர்நீலத்தை இலேசாகத் தடவ வேண்டும். ஓரத்தில் இடைவெளி இருந்தால் அந்த வண்ணமே அதை அடைத்துவிடும். அதன்பின் கருநீலம் பூசினால் கசியாது. முழுக்கக் கெட்டிப்படும் முன்பே டேப்பைப் பின்னோக்கி மடித்து மெதுவாக உரித்தால் கோடு நூல் பிடித்தாற்போல் வரும். அந்த நிமிடத்தில் வகுப்பில் எழும் "ஆ" என்ற ஒலிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

கடைசியாகப் பெட்டி எண். ஐந்து இலக்க எண்ணுள்ள பழைய பெட்டிகளில் முதல் இரண்டு இலக்கங்கள் அந்தப் பெட்டி கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும். தங்கள் பெட்டிக்கு எந்த ஆண்டு என்று குழுவே முடிவுசெய்யட்டும். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் தங்கள் பிறந்த ஆண்டைத்தான் எழுதுகிறார்கள்.

பாடவேளைகளும் மதிப்பீடும்

எங்களுக்கு ஏழு பாடவேளைகள் ஆகின்றன: அளவுக் கணக்குக்கு ஒன்று, புகைப்படத்துக்கும் காகித மனிதருக்கும் ஒன்று, வரைந்து வெட்ட இரண்டு, ஒட்ட ஒன்று, வண்ணத்துக்கு இரண்டு. கலை, கைவேலைப் பாடவேளைகளையும் சேர்த்துக்கொண்டால் கணக்குப் பாடத்துக்கு நேரம் போய்விட்டதே என்ற கவலை இல்லை. வானவில் மன்றச் செயல்பாடுகளிலும் இதைச் சேர்க்கலாம்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு கட்டங்கள்: உண்மை அளவு, கணக்கிட்ட மாதிரி அளவு, வெட்டிய பின் அளந்த அளவு, வித்தியாசம். நான்காவது கட்டத்தில் பூச்சியம் மட்டுமே இருந்தால் நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. கையால் வெட்டியதில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாமல் இருக்காது. ஒரு மில்லிமீட்டர் கூடினால் உண்மையில் 5 செ.மீ. கூடியிருக்கிறது என்று எழுதும் மாணவருக்கு விகிதம் புரிந்துவிட்டது. பெட்டி கோணலாக இருந்தாலும் அவருக்கு முழு மதிப்பெண்.

ஒருவரே எல்லா வகுப்புகளுக்கும் ஆசிரியராக இருக்கும் பள்ளிகளில் முழுப் பெட்டி செய்ய நேரம் இருக்காது. அங்கே 1:100-இல் ஒரு பக்கச் சுவரை மட்டும் நோட்டு அட்டையில் வரைந்து வண்ணம் பூசிச் சுவரில் ஒட்டலாம். பத்துக் குழந்தைகள் பத்துப் பெட்டிகளை வரைந்தால் இரண்டு மீட்டருக்கும் மேல் நீண்ட ரயில் வகுப்பறைச் சுவரில் நிற்கும். முடிந்தவர்கள் எல்.ஹெச்.பி. பெட்டியையும் ஒன்று சேர்க்கலாம்; அதன் உடல் நீளம் 23,540 மி.மீ. இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தெரியும். உண்மையில் அது எத்தனை மீட்டர் என்ற கேள்வியைச் சுவரிலேயே எழுதி வைத்துவிடுங்கள். உணவு இடைவேளையில் அளவுகோலோடு யாராவது அங்கே நிற்பார்கள்.